வீட்டு மதிப்பீடு கூடுதலாக வந்தால்: மறுப்பு எழுதி வெல்லும் வழி

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டவர்களுக்காக இந்த அத்தியாயம். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை, பெல்மதுளை போன்ற இடங்களில் லயத்தை விட்டு வெளியே வந்து ஐந்து பேர்ச்சஸோ பத்து பேர்ச்சஸோ வாங்கி வீடு போட்ட குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டுக்கு ஒரு நாள் சபையிலிருந்து மதிப்பீட்டு அறிவித்தல் வருகிறது. வரிப்பணம், சோலை வரி, அசஸ்மன்ட், ஆதன வரி என்று எந்தப் பெயரில் வந்தாலும் விஷயம் ஒன்றுதான். பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். தொகையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறோம். அந்த இடத்திலேயே நம் உரிமை கைநழுவத் தொடங்குகிறது.

மதிப்பீடு தவறு என்று சொல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த உரிமைக்கு ஒரு கடைசித் திகதி இருக்கிறது. அதை எழுத்தில்தான் பயன்படுத்த முடியும். எழுதாமல் விட்ட காரணத்தைப் பிறகு சேர்ப்பது மிகக் கடினம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில்: இந்த வரி எதன் மேல் போடப்படுகிறது?

வீட்டின் விலை மேல் அல்ல, உங்கள் வருமானத்தின் மேலும் அல்ல. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு வாடகை வரும் என்று கணித்து, அதை 'வருடாந்தப் பெறுமதி' என்று எழுதுகிறார்கள். அதில் இத்தனை சதவீதம் வரி என்று சபை தீர்மானிக்கிறது. மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் இதற்கு அடிப்படை. இரத்தினபுரி நகரத்துக்குள் இருந்தால் மாநகர சபை. கேகாலை, பலாங்கொடை, எம்பிலிபிட்டிய நகரங்களுக்குள் நகர சபை. மற்ற இடங்களில் பிரதேச சபை.

கணக்கை ஒரு உதாரணத்தால் பார்ப்போம். அறிவித்தலில் வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபா, வரி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட வரி 3,600 ரூபா. காலாண்டுக்கு 900 ரூபா. அதே வீட்டின் பெறுமதி 36,000 ரூபாதான் என்று நீங்கள் நிரூபித்தால் வருட வரி 2,160 ரூபா ஆகும். வருடத்துக்கு 1,440 ரூபா மிச்சம். மதிப்பீடு ஒரு முறை புத்தகத்தில் ஏறினால் அடுத்த மறுமதிப்பீடு வரை அதுவே தொடரக்கூடும். ஐந்து வருடத்துக்கு 7,200 ரூபா. தோட்டத்துச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு இது சிறிய காசு அல்ல.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வருடாந்தப் பெறுமதிக்குத்தான் மறுப்பு எழுத முடியும். 6 சதவீதமா 8 சதவீதமா என்பது சபையின் தீர்மானம். அதை மாற்ற உங்கள் வட்டார உறுப்பினரிடம் பேசலாம், சபைக்கு மனுக் கொடுக்கலாம். மறுப்புக் கடிதத்தில் வீதத்தைப் பற்றி எழுதினால் அந்த வாக்கியம் வீணாகும்.

உங்கள் வீடு எந்த வகை?

எல்லார் நிலையும் ஒன்றல்ல. மறுப்பு எழுதும் முன் கீழே உள்ளவற்றில் நீங்கள் எதில் சேர்கிறீர்கள் என்று பாருங்கள்.

*உறுதியுள்ள சொந்தக் காணியில் வீடு.* இந்த அத்தியாயம் முழுவதும் உங்களுக்குப் பொருந்தும்.

*வீட்டுத் திட்டத்து வீடு.* இந்திய உதவித் திட்டத்திலோ அரசின் வேறு திட்டத்திலோ கிடைத்த வீடாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது உறுதியா, அனுமதிப் பத்திரமா, வெறும் கையளிப்புக் கடிதமா என்று முதலில் பாருங்கள். அறிவித்தல் யார் பெயரில் வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி என்ற அளவில் கட்டப்பட்ட வீடுகள் பல. அதே வரிசையில் எல்லா வீடும் ஒரே அளவு என்பதால், உங்கள் வீட்டுக்கு மட்டும் பெறுமதி கூடியிருந்தால் தவறைக் காட்டுவது எளிது.

*லயத்து அறை.* காணி அரசுடையது. பெரும்பாலும் 1992க்குப் பிறகு தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. உங்கள் பெயருக்கு அறிவித்தல் வந்தால் முதலில் பணம் கட்டி விடாதீர்கள். பயந்து ஒளித்தும் வைக்காதீர்கள். "இந்தக் காணியின் உரிமையாளர் யார் என்று உங்கள் பதிவேட்டில் உள்ளது? எந்த அடிப்படையில் என் பெயர் சேர்க்கப்பட்டது?" என்று எழுத்தில் கேளுங்கள்.

*பயிர்ச் செய்கைக் காணி.* சபை 'அபிவிருத்தியடைந்த பிரதேசம்' என்று பிரகடனம் செய்த இடத்தில்தான் பிரதேச சபை மதிப்பீட்டு வரி அறவிடலாம். அதற்கு வெளியே உள்ள பெரிய பயிர்க் காணிகளுக்கு ஏக்கர் வரி என்று தனியாக ஒன்று உண்டு. ஒரே காணிக்கு இரண்டும் வந்திருந்தால் அது வலுவான மறுப்புக் காரணம்.

மதிப்பீட்டு இலக்கம் கிடைப்பது காணி உரிமை கிடைப்பதாகாது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சபைப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருப்பது வரி அறவிடுவதற்காக மட்டுமே. உறுதிக்கு அது ஈடாகாது. ஆனாலும் அந்த இலக்கத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். தலைமுறைகளாகத் தோட்டத்தின் பெயரே முகவரியாக இருந்த மக்களுக்கு, வீட்டுக்கென்று ஓர் இலக்கம் மின்சார இணைப்பு முதல் பிள்ளையின் பாடசாலை விண்ணப்பம் வரை உதவுகிறது. மறுப்பு எழுதினால் வீட்டைப் பறிப்பார்கள், இலக்கத்தை அழிப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் கேட்பது தொகையைத் திருத்தும்படிதான்.

படிப்படியாக

1. கிடைத்த திகதியைப் பதியுங்கள். அறிவித்தலின் பின்புறத்தில், கையில் வந்த திகதியையும் கொண்டுவந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். தபாலில் வந்தால் உறையை எறியாதீர்கள். தபால் முத்திரை உங்கள் சாட்சி. மாநகர சபைச் சட்டத்தின்படி அறிவித்தல் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்து மறுப்பு கொடுக்க வேண்டும். உங்கள் சபையின் அறிவித்தலில் என்ன திகதி அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே எல்லையாகக் கொள்ளுங்கள். தோட்ட முகவரியுள்ள வீடுகளுக்கு இந்தப் படி மற்றவர்களைவிட முக்கியம். கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கே சில நாள் கிடந்து, பிறகு யாரோ ஒருவர் கையில் வந்து சேரும். அப்படித் தாமதமானால், கந்தோரில் கடிதங்களைக் கையாள்பவரிடம் எந்த நாளில் வந்தது என்று எழுதி வாங்க முயலுங்கள்.

2. மொழி விளங்காவிட்டால் அன்றே கேளுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலருடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும், எழுதிய மொழியிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. 1988இல் 16ஆம் திருத்தத்தால் வந்த ஏற்பாடு அது. எனவே மறுப்பைத் தமிழில் தாராளமாக எழுதலாம். ஆனால் நடைமுறையைச் சொல்ல வேண்டும்: சபையில் தமிழ் வாசிக்கக்கூடியவர் இல்லையென்றால் கடிதம் கோப்புக்குள் தூங்கும். முடிந்தால் தமிழ்க் கடிதத்தோடு ஒரு சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். வேலை நடக்கவும் வேண்டும்.

3. அறிவித்தலை வரி வரியாகச் சரிபாருங்கள். பெயர், மதிப்பீட்டு இலக்கம், வீதி அல்லது கிராம அலுவலர் பிரிவு, வீடா கடையா என்ற வகைப்படுத்தல், வருடாந்தப் பெறுமதி, வரி வீதம், காலாண்டுத் தொகை. பெருக்கிப் பார்த்துத் தொகை சரியா என்றும் பாருங்கள்.

4. சபைக்குப் போய் மதிப்பீட்டுப் பட்டியலைப் பாருங்கள். வருமானப் பரிசோதகரையோ வரிப் பிரிவு எழுதுவினைஞரையோ சந்தித்து, உங்கள் வீட்டுப் பதிவையும் அதே பாதையிலுள்ள ஒத்த வீடுகளின் பெறுமதியையும் காட்டும்படி கேளுங்கள். பெரும்பாலும் பெறுமதியைக் கணிப்பது விலை மதிப்பீட்டுத் திணைக்களம். ஆகவே கருமபீடத்தில் இருப்பவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. தொகையைப் போட்டவர் அவரல்ல.

5. வீட்டை அளந்து, படமெடுத்து, ஆதாரம் சேருங்கள். கீழே தனித் தலைப்பில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

6. மறுப்புக் கடிதம் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த எல்லாக் காரணத்தையும் எழுதுங்கள். மாநகர சபைச் சட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: பின்னர் நீதிமன்றம் போனால், எழுத்து மறுப்பில் சொல்லாத காரணத்துக்குச் சாட்சி கொடுக்க விடமாட்டார்கள். இன்று மறந்த காரணம் நாளை உதவாது.

7. கையளித்து அத்தாட்சி பெறுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் சபையின் திகதி முத்திரையும் பெற்றவரின் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போக முடியாவிட்டால் பதிவுத் தபால். வாய்ச்சொல், தொலைபேசி அழைப்பு எதுவும் மறுப்பாகாது.

8. விசாரணைக்குப் போங்கள். நாளும் நேரமும் எழுத்தில் அறிவிப்பார்கள். போகாமல் விடுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

9. வரியைக் கட்டிக்கொண்டே இருங்கள். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எந்தக் காரணம் செல்லும்?

விசாரணையில் அமர்ந்திருப்பவரின் கேள்வி ஒன்றே: "இந்த வீட்டுக்கு ஒரு வாடகைக்காரர் நியாயமாக எவ்வளவு கொடுப்பார்?" நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்கு விடையாக இருக்க வேண்டும்.

*அளவுப் பிழை.* 550 சதுர அடி வீட்டை 850 என்று எழுதியிருப்பது, இடித்துவிட்ட பின்கட்டுச் சமையலறையைச் சேர்த்திருப்பது, ஒரு மாடி வீட்டை இரண்டு மாடி என்று பதிந்திருப்பது. இவற்றுக்கு வாதமே தேவையில்லை. அளவு நாடா போதும்.

*வகைப் பிழை.* முன் அறையில் முன்பு சில்லறைக் கடை நடத்தினீர்கள், மூடி நாளாகிவிட்டது, ஆனால் பதிவேட்டில் இன்னும் வியாபார இடம். கடைக்கு வீதமும் பெறுமதியும் கூடுதலாக இருக்கும். வியாபார உரிமத்தை நிறுத்திய கடிதம், இன்றைய படம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் மூன்றும் இருந்தால் வலு.

*இரட்டைப் பதிவு.* ஒரே வீட்டுக்கு அப்பா பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று. காணியைப் பிரித்து எழுதிய குடும்பங்களில் இது வரும்.

*ஒத்த வீடுகளோடு ஒப்பீடு.* அதே பாதையில், அதே அளவில், அதே கூரையுள்ள வீடுகளுக்குக் குறைந்த பெறுமதி இருந்தால் அவற்றின் மதிப்பீட்டு இலக்கங்களைக் குறிப்பிடுங்கள். குறைந்தது மூன்று வீடு காட்டுங்கள். "என் வீட்டையும் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். "அவர்களுக்குக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்ற தொனி வந்தால் அயலவரின் வரி ஏறக் காரணமாகிவிடுவீர்கள். முன்கூட்டி அவர்களிடம் சொல்லிவிடுவது மரியாதை. முடிந்தால் எல்லாரும் சேர்ந்து போங்கள். கடிதம் மட்டும் வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கட்டும்.

*இடத்தின் ஆபத்து.* சப்ரகமுவையில் இது வெறும் பேச்சல்ல. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புலத்கொஹுப்பிட்டிய களுப்பஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. 2017 மே வெள்ளத்தில் களு கங்கை இரத்தினபுரியை மூழ்கடித்தது. உங்கள் வீடு மண்சரிவு அபாயப் பகுதி என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த கடிதம் இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். வெள்ளம் ஏறிய அடையாளம் சுவரில் இருந்தால் படம் எடுங்கள். மழை நாளில் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லப்படும் இடத்துக்கு யார் முழு வாடகை கொடுப்பார்? இந்த ஒரு வாக்கியத்தைக் கடிதத்தில் எழுதுங்கள்.

*வசதிக் குறைவு.* வாகனம் வராத ஒற்றையடிப் பாதை, குழாய்த் தண்ணீர் இல்லாமை, தகரக் கூரை, வெளியே உள்ள மலசலகூடம், பூசாத சுவர். ஒவ்வொன்றும் வாடகையைக் குறைக்கும். அப்படித்தான் எழுத வேண்டும்.

எது செல்லாது?

"சபை எங்களுக்கு எதுவும் செய்யவில்லை." இந்தக் கோபம் நியாயமானது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியில் பாதையோ விளக்கோ போடுவதற்கு முப்பது வருடங்களாகத் தடையாக நின்றது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. ஆயினும் மறுப்புக் கடிதத்தில் "சேவை இல்லை, ஆகவே வரி இல்லை" என்று எழுதினால் நிராகரிப்பார்கள். அதையே "தெரு விளக்கு இல்லை, கழிவு அகற்றுவதில்லை, ஆகவே இந்த வீட்டுக்கு வாடகை குறைவு" என்று எழுதினால் கேட்டே ஆக வேண்டும். பாதையும் விளக்கும் வேண்டும் என்ற கோரிக்கையை வேறு கடிதமாகச் சபைக்குக் கொடுங்கள். வரி கட்டுபவர் என்ற நிலையில் அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"என்னிடம் பணம் இல்லை." வறுமை காரணமாகச் சலுகை கேட்பது வேறு மனு. கிராம அலுவலரின் சான்றோடு தனியாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டும் கெடும்.

"வீடு சில மாதம் பூட்டிக் கிடந்தது." வருடாந்தப் பெறுமதியைக் கணிக்கும்போது ஆளில்லாத காலத்துக்குக் கழிவு கிடையாது.

"போன முறையைவிட இரண்டு மடங்கு." கூடியது என்பதே தவறுக்குச் சான்றாகாது. பல சபைகளில் மறுமதிப்பீடு நீண்ட காலம் தள்ளிப்போய் ஒரேயடியாக வருகிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அறிவித்தலில் உள்ள வருடாந்தப் பெறுமதியை 12ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் தொகைக்கு உங்கள் வீட்டை நீங்களே வாடகைக்கு விடச் சம்மதிப்பீர்களா? "சீ, இதைவிட இரண்டு மடங்கு வாங்குவேன்" என்று தோன்றினால் வாடகை வாதம் உங்களுக்கு உதவாது. அளவுப் பிழை, வகைப் பிழை, ஒப்பீடு ஆகிய மூன்றில் ஏதாவது இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் வரியைக் கட்டிவிட்டு, அந்த நாளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம் சேர்ப்பது

வீட்டின் வெளிச்சுவரை நீளம், அகலம் இரண்டும் அளந்து பெருக்குங்கள். விறாந்தையைத் தனியாக எழுதுங்கள். கையால் ஒரு வரைபடம் போடுங்கள். அழகு தேவையில்லை, அளவு சரியாக இருந்தால் போதும். வீட்டின் முன்பக்கம், பின்பக்கம், கூரை, வெடிப்பு, பாதை என ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தின் பின்னால் திகதி.

அயலில் உண்மையாக வாடகைக்கு இருப்பவரிடம், மாதம் எவ்வளவு கொடுக்கிறார் என்று ஒரு சிறு கடிதம் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தின் பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. உறுதியின் பிரதி, காணி வரைபடத்தின் பிரதி, பழைய வரிப் பற்றுச்சீட்டுகள், மின்கட்டணப் பட்டியல் ஒன்று.

சபை எப்படிக் கணித்தது என்று தெரியவேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு எழுதி, உங்கள் வீட்டுக்குப் பதிந்த சதுர அடி, வகை, ஒப்பீட்டுக்கு எடுத்த வீடுகள், கணிப்புத் தாள் ஆகியவற்றின் பிரதியைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

> குறிப்பு: தகவல் தருவதா இல்லையா என்ற முடிவுக்கே 14 வேலை நாள் வரை எடுக்கலாம், பிரதி கைக்கு வர அதற்கு மேலும் ஆகலாம். மறுப்புக்கான காலமோ குறுகியது. தகவல் வரட்டும் என்று காத்திருந்தால் திகதி போய்விடும். இரண்டு கடிதத்தையும் ஒரே நாளில் கொடுங்கள். மறுப்பின் கடைசியில் "கோரிய தகவல் கிடைத்ததும் மேலதிக விவரம் சமர்ப்பிப்பேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

பாதுகாப்பு

- உறுதியின் மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவராதீர்கள். காட்டலாம், கையை விட்டு இறக்கக் கூடாது.
- வெற்றுத் தாளில் கையொப்பம், கைநாட்டு வைக்காதீர்கள். சிங்களத்தில் எழுதிக்கொடுப்பவர் அதை முழுவதும் வாசித்து விளக்கிய பிறகே கையொப்பம்.
- "நான் குறைத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மறுப்புக் கொடுக்க இடைத்தரகர் தேவையில்லை. அதிகாரி ஒருவர் இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம்.
- படம் எடுக்க மழை நாளில் கூரை ஏறாதீர்கள். மேட்டிலோ சுவரிலோ புது வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, சாய்ந்த மரம் கண்டால் வரிக் கடிதத்தை மறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறி அனர்த்த அவசர இலக்கமான 117க்குச் சொல்லுங்கள்.
- அனுமதி பெறாமல் கட்டிய பகுதி இருந்தால், விசாரணையில் அது வெளிவரும். முதலில் அனுமதிக்கான வழியைச் சபையின் தொழில்நுட்ப அலுவலரிடம் கேட்டறியுங்கள். ஆனால் மறுப்புத் திகதியைத் தவறவிடாதீர்கள். பொய் அளவு எழுதவே வேண்டாம்.

மாதிரிக் கடிதம்

> திகதி:
>
> செயலாளர்,
> ............ பிரதேச சபை.
>
> மதிப்பீட்டு இலக்கம் ............ – வருடாந்தப் பெறுமதிக்கு மறுப்பு
>
> மேற்படி இலக்கமுள்ள வீட்டின் உரிமையாளராகிய எனக்கு ............ திகதி தங்கள் மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்தது. அதில் வருடாந்தப் பெறுமதி ............ ரூபா எனக் குறிக்கப்பட்டுள்ளது. பின்வரும் காரணங்களால் அதை மறுக்கிறேன்.
>
> 1. வீட்டின் உண்மையான பரப்பு ............ சதுர அடி. அளவு வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது.
> 2. வீடு குடியிருப்பாக மட்டுமே பயன்படுகிறது. வியாபாரம் ............ ஆண்டில் நிறுத்தப்பட்டது.
> 3. இதே பாதையில் ஒத்த வீடுகளான இலக்கம் ......, ......, ...... ஆகியவற்றின் பெறுமதி முறையே ......, ......, ...... ரூபா.
> 4. வாகனப் பாதையும் குழாய் நீரும் இல்லாமையாலும், மண்சரிவு அபாயப் பகுதி எனக் கடிதம் வழங்கப்பட்டுள்ளமையாலும் இவ்வீட்டுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய மாத வாடகை ............ ரூபாவுக்கு மேற்படாது.
>
> ஆகவே வருடாந்தப் பெறுமதியை ............ ரூபாவாகத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். விசாரணைத் திகதியையும் முடிவையும் தமிழில் எழுத்து மூலம் அறியத்தரவும். இதற்கிடையில் நான் செலுத்தும் வரி இம்மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டதாகாது.
>
> கையொப்பம், பெயர், முகவரி, தொலைபேசி
> இணைப்புகள்: 1, 2, 3...

உங்களுக்குப் பொருந்தாத காரணத்தை வெட்டிவிடுங்கள். நீங்கள் நியாயம் என்று கருதும் தொகையை எழுதாமல் விடாதீர்கள். "குறைத்துத் தாருங்கள்" என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு எவ்வளவு குறைப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

விசாரணை நாள்

நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். தேசிய அடையாள அட்டை, மறுப்பின் முத்திரையிட்ட பிரதி, ஆதாரக் கோப்பு. சிங்களம் சரளமாகப் பேசும் பிள்ளையையோ உறவினரையோ அழைத்துச் செல்லுங்கள். பேசும் முன் அவருக்குக் கணக்கு முழுவதும் விளங்கியிருக்க வேண்டும். வலுவான காரணத்தை முதலில் சொல்லுங்கள். அளவுப் பிழை இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதை யாரும் மறுக்க முடியாது. வீட்டை நேரில் வந்து பார்க்கும்படி கேட்கலாம். வந்தால் எல்லா அறையையும் காட்டுங்கள்.

அவர்கள் இடையில் ஒரு தொகையைச் சொல்லி "இதற்குச் சம்மதமா?" என்று கேட்கக்கூடும். உடனே தலையாட்ட வேண்டாம். வரியாக எவ்வளவு வரும் என்று அங்கேயே பெருக்கிப் பார்த்து, நியாயமாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட தொகையை எழுத்தில் கேளுங்கள்.

வரி கட்டுவதை நிறுத்தாதீர்கள்

மறுப்புக் கொடுத்துவிட்டோம், முடிவு வரட்டும் என்று கட்டாமல் இருப்பது ஆபத்தானது. காலாண்டு முடிந்தும் கட்டாத வரிக்கு வாரண்ட் செலவு சேரும். அதன் மேல் பொருளைக் கைப்பற்றி விற்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு. கட்டுங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். பெறுமதி குறைந்தால், கூடுதலாகக் கட்டிய தொகையை அடுத்த காலாண்டுகளில் கழிக்கும்படி எழுதிக் கேளுங்கள். வருட வரி முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதமும், காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதமும் கழிவு தருவது வழக்கம். மேலே சொன்ன உதாரணத்தில் 3,600 ரூபாவுக்கு 360 ரூபா கழிவு.

முடிவு பாதகமாக வந்தால்

அடுத்த படி மாவட்ட நீதிமன்றம். அதற்கும் குறுகிய காலமே உண்டு. முடிவுக் கடிதம் கிடைத்த அதே வாரத்தில் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அதன் நிலையங்கள் உள்ளன. ஒரு சாதாரண வீட்டுக்கு, வருடத்துக்குச் சில நூறு ரூபா வித்தியாசத்துக்காக வழக்குப் போடுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. கடையாகத் தவறாக வகைப்படுத்தியது, இரட்டைப் பதிவு போன்ற பெரிய பிழைகளுக்குப் போகலாம்.

முடிவு சாதகமாக வந்தால்

வேலை முடியவில்லை. திருத்திய பெறுமதி பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று சபைக்குப் போய்க் கண்ணால் பாருங்கள். அடுத்த வருட அறிவித்தலில் பழைய தொகையே வந்தால், முடிவுக் கடிதத்தின் பிரதியோடு உடனே எழுதுங்கள். அறிவித்தல்கள், மறுப்பு, முடிவு, பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில், மழை படாத இடத்தில், உறுதியின் பிரதியோடு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் பாதையில் சிங்களமோ தமிழோ எழுத வராத முதியவர் வீட்டுக்கும் இதே அறிவித்தல் வந்திருக்கும். உங்கள் கடிதத்தை எழுதி முடித்ததும், திகதி போவதற்குள் அவர் வீட்டையும் ஒரு முறை அளந்து கொடுங்கள்.